ஆலங்குளத்தோடு திரும்பிய விமானம்

பாளையங்கோட்டைத் தம்பி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சுருக்கம் இது. அவருடைய அக்காவின் கணவர் தனியார் விமானி உரிமம் பெற்றவர். நண்பர்களோடு கூட்டாக ஒரு பழைய நான்கு இருக்கை செஸ்னா விமானம் வைத்திருக்கிறார். ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், பிற்பகல் மூன்று மணிக்கு, அக்காவையும் தம்பியையும் ஏற்றிக்கொண்டு தூத்துக்குடியின் வாகைக்குளம் விமான நிலையத்திலிருந்து புறப்பட்டார். மேலேயிருந்து குற்றாலத்தைப் பார்த்துவிட்டு வருவது என்று பேச்சு. 25 நிமிடம் பறந்து ஆலங்குளத்துக்கு மேலே வந்ததும், ஒரு வார்த்தையும் சொல்லாமல் விமானத்தைத் திருப்பிவிட்டார். அதற்குச் சற்று முன் எஞ்சின் சத்தம் ஒரு கணம் தணிந்து மறுபடி சரியானது. தலைக்கு மேல் நீல வானம். மழை எங்கோ தூரத்தில். திரும்பி வர ஆனது 15 நிமிடம்தான். எஞ்சினில் ஏதோ கோளாறு, அதை மறைத்துப் பயத்தில் வேகமாக ஓட்டி வந்துவிட்டார் என்பது தம்பியின் ஊகம். வீட்டில் சித்தப்பா வேறு, “அடைமழையில் புளியரை மலைப்பாதையில் லாரி ஓட்டியவன் நான். சாரலுக்குத் திரும்புகிறவனெல்லாம் ஒரு பைலட்டா?” என்று கேலி செய்கிறாராம். அத்தான் செய்தது சரியா என்பதுதான் கேள்வி.

சரிதான் தம்பி. கொஞ்சம் பயந்தும் இருப்பார், அதனால் குறைவொன்றும் இல்லை. ஆனால் அன்று அவர் ஒரு தவறும் செய்தார். அதைத் தரையிலேயே செய்துவிட்டார். அதைப் பிறகு சொல்கிறேன். நான் அம்பாசமுத்திரத்துக்காரன்; இருபது ஆண்டுகளுக்கு மேல் சிறு விமானங்கள் ஓட்டியவன், அதில் பாதிக் காலம் பிறருக்குக் கற்றுக்கொடுத்தவன். உங்கள் அத்தானை எனக்குத் தெரியாது. நீங்கள் எழுதிய இரண்டு மூன்று விவரங்களே அவரைப் பற்றிப் போதுமான அளவு சொல்லிவிட்டன.

முதலில் அந்த 25 நிமிடமும் 15 நிமிடமும். உங்கள் ரகத்துச் செஸ்னா சாதாரணமாகப் பறக்கும் வேகம் 100 நாட், அதாவது மணிக்கு 185 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாகப் பாய்ந்து வரும் மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வீசும் காற்று, 2,500 அடி உயரத்தில் 25 நாட் இருப்பது வெகு சாதாரணம். தூத்துக்குடி, மணப்பாடு மீனவர்கள் கச்சான் என்று பெயர் வைத்திருக்கும் காற்று அது. அதை எதிர்த்துப் போகும்போது தரையைக் கணக்கிட்டால் உங்கள் வேகம் 75 நாட்தான். 25 நிமிடத்தில் 58 கிலோமீட்டர். வாகைக்குளத்திலிருந்து ஆலங்குளம் ஏறக்குறைய அவ்வளவு தூரம். திரும்பும்போது அதே காற்று முதுகில் இருந்து தள்ளும். வேகம் 125 நாட். அதே 58 கிலோமீட்டருக்கு 15 நிமிடம். எஞ்சினை ஒரு பொட்டும் கூட்டாமலே இது நடக்கும். மாறாந்தையிலிருந்து ஆலங்குளம் வரை சாலையோரம் நிற்கும் காற்றாலைகள் எல்லாம் அன்று மேற்கு நோக்கி முகத்தைத் திருப்பிக்கொண்டு சுழன்றிருக்குமே, கவனித்தீர்களா? அந்தக் காற்றுக்காகத்தான் அவற்றை அங்கே கொண்டு வந்து நட்டார்கள்.

அடுத்தது எஞ்சின் சத்தம். பழைய செஸ்னா என்கிறீர்கள், ஆகவே பெட்ரோலையும் காற்றையும் கலந்து அனுப்பும் கார்புரேட்டர் வைத்த எஞ்சினாகத்தான் இருக்கும். கார்புரேட்டரின் குறுகிய கழுத்தில் காற்று விரைந்து போகும்போதும், பெட்ரோல் ஆவியாகும்போதும் அங்கே வெப்பம் 20 டிகிரிக்கு மேல்கூடச் சரியும். வெளியே 22, 23 டிகிரி, காற்றில் ஈரம் நிறைய என்றால் உள்ளே பனிக்கட்டி பிடிக்கும். நம்மூர் வெக்கையில் பனிக்கட்டியா என்று சிரிக்காதீர்கள். குளிர்நாட்டு உறைபனிக் காற்றைவிட இந்த ஈரக்காற்றில்தான் இந்தத் தொல்லை அதிகம். அதற்கு விமானி ஒரு குமிழை இழுத்துச் சூடான காற்றை உள்ளே விடுவார். சூடான காற்று அடர்த்தி குறைந்தது என்பதால் எஞ்சின் ஒரு கணம் தணியும். பனி ஏதும் இருந்தால் உருகி, சத்தம் மறுபடி ஏறும். நீங்கள் கேட்டது அதுதான். சாரல் காற்றின் ஓரத்துக்கு வந்துவிட்டோம் என்பது உங்களுக்குத் தெரிவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிட்டது என்பதற்கு அந்தச் சத்தமே சாட்சி.

இனி மழை. மழை தூரத்தில் இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அத்தான் மழையைப் பார்த்திருக்க மாட்டார், மலையைப் பார்த்திருப்பார். இந்த வட்டாரத்தில் மேற்கே பறக்கிற எவருக்கும் பொதிகை மலைத்தொடர்தான் சுவர்க்கடிகாரம் மாதிரி. அகத்தியமலை 1,868 மீட்டர். நல்ல நாளில் வாகைக்குளத்தில் மேலே ஏறியதுமே மலைத்தொடரின் கோடு தெரிந்துவிடும். முதலில் உச்சி மறையும். அது ஆனியில் எப்போதும் நடப்பதுதான், அதற்காக யாரும் திரும்புவதில்லை. பிறகு இடுப்பு மறையும். கடைசியில் அடிவாரத்துத் தென்னந்தோப்புக்கும் மேகத்துக்கும் நடுவே இருக்கும் கரிய பட்டை வெளுத்து, மேகமும் மலையும் ஒரே நிறமாகிவிடும். அது நடந்துவிட்டால் மலை எங்கே தொடங்குகிறது என்று கண்ணால் சொல்ல வழி இல்லை. நம் ஊரில் மலை மூடிக்கொண்டது என்று திண்ணையில் உட்கார்ந்து சொல்வார்களே, அந்தச் சொல் விமானிக்கு வேறு கனத்தில் கேட்கும்.

கண்ணால் பார்த்துப் பறக்கும் விமானத்துக்கு விதி கேட்கும் பார்வைத் தொலைவு 5 கிலோமீட்டர். ஆலங்குளத்தில் உங்களுக்கு அது தாராளமாகவே இருந்திருக்கும். அப்படியானால் இன்னும் கொஞ்சம் போயிருக்கலாமே என்று தோன்றும். எதிர்காற்றில்கூட 5 கிலோமீட்டரை இரண்டே கால் நிமிடத்தில் கடந்துவிடுவீர்கள். சட்டம் அனுமதிக்கும் எல்லை வரை போய்த் திரும்புகிறவர், திரும்பும்போது அந்த எல்லையைத் தாண்டியிருப்பார். முழுதாகத் திரும்ப, நிதானமாகச் செய்தால் ஒரு நிமிடம் ஆகும். 15 டிகிரி சாய்த்துத் திருப்பினால் வட்டத்தின் அகலம் 2 கிலோமீட்டர். அதற்கு இடம் இருக்கும்போதே திருப்ப வேண்டும்.

மேகத்துக்குள் போனால் என்ன, கருவிகள் இருக்கின்றனவே என்று படித்தவர்களும் கேட்கிறார்கள். இதைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும். நெல்லையப்பர் கோயில் ஆனித் திருவிழாவில் ராட்டினம் சுற்றியிருப்பீர்கள். கண்ணை மூடிக்கொண்டு சீரான வேகத்தில் சுற்றினால் கொஞ்ச நேரத்தில் சுற்றுவதே தெரியாது. நின்ற பிறகு எதிர்ப்பக்கம் சுற்றுவது போல இருக்கும். காதுக்குள் இருக்கும் அரைவட்டக் குழாய்களில் உள்ள திரவம் செய்கிற வேலை அது. சுழற்சி தொடங்கும்போதும் நிற்கும்போதும்தான் அதற்குத் தெரியும். ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தால் சில விநாடிகளில் அடங்கிவிடும். மேகத்துக்குள் விமானம் மெல்லச் சாய்ந்து வட்டமடிக்கத் தொடங்கினால், நேராகப் போகிறோம் என்றே உடம்பு சொல்லும். உயரம் குறைவதைக் கருவியில் பார்த்துவிட்டு மூக்கைத் தூக்க இழுப்பார்கள். சாய்ந்திருக்கும் விமானத்தில் இழுத்தால் வட்டம்தான் இறுகும். இழுக்க இழுக்க இன்னும் வேகமாக இறங்கும். சாய்வை நிமிர்த்த வேண்டும் என்று கருவி சொல்லும். நிமிர்த்தினால் மறுபக்கம் சாய்ந்துவிட்டோம் என்று காது அலறும். காதை நம்பாமல் கருவியை நம்புவது தனிப் பயிற்சி. அதற்குத் தனித் தகுதிச் சான்று உண்டு. தனியார் உரிமத்தோடு அது தானாக வருவதில்லை.

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1954இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். கருவிகளைக் கொண்டு பறக்கப் பழகாத 20 பேரை, மேகத்துக்குள் இருப்பது போன்ற செயற்கைச் சூழலில் ஓட்டச் சொன்னார்கள். இருபது பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள். சிலர் 20 விநாடியில், சிலர் 8 நிமிடத்தில். சராசரி 178 விநாடி. இந்த எண்ணை விமானி வட்டாரத்தில் எல்லாரும் சொல்வார்கள். பலர் மறந்துவிடுவது என்னவென்றால், அந்த ஆய்வின் பெயரே 180 டிகிரித் திருப்பச் சோதனை என்பதுதான். திரும்பி வெளியே வருவதைச் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று பார்க்கத்தான் அதை நடத்தினார்கள். பயிற்சிக்குப் பிறகு அதே ஆட்கள் ஒழுங்காகத் திரும்பி வந்தார்கள். உங்கள் அத்தான் செய்தது அந்தப் பாடத்தை. அதையும் மேகத்துக்கு வெளியே இருக்கும்போதே செய்தார்.

மேகத்தின் அடியில் தாழ்வாகப் பறந்து போயிருக்கலாமே என்று அடுத்த கேள்வி வரும், எனக்குத் தெரியும். வேறு ஊரில் ஒருவேளை முடியும். நம் சீமையில் அது தற்கொலைக்குச் சமம். திறந்த வெளியில் தரைக்கு மேல் 500 அடி, அதாவது 150 மீட்டர், குறைந்தபட்ச உயரம். புதிய காற்றாலைகளில் இறக்கையின் நுனி எழும் உயரமும் ஏறக்குறைய அதேதான். கயத்தாறு, பணகுடி, ஆரல்வாய்மொழி, முப்பந்தல் என்று எந்தப் பக்கம் ஒதுங்கினாலும் அவை ஆயிரக்கணக்கில் நிற்கின்றன. அவற்றிலிருந்து மின்சாரத்தைக் கொண்டுபோகும் உயரழுத்தக் கம்பிகள் வேறு. தெற்கே விஜயநாராயணத்தில் கடற்படையின் ஐஎன்எஸ் கட்டபொம்மன் நிலையத்து வானொலிக் கம்பங்கள், அதையும் தாண்டினால் மகேந்திரகிரி ராக்கெட் எஞ்சின் சோதனை நிலையம், கூடங்குளம் அணுமின் நிலையம். அங்கெல்லாம் வழி தவறி நுழைந்தால் விளக்கம் சொல்லி மாளாது.

மலையோரத்தில் இன்னொரு சமாச்சாரம் இருக்கிறது. இது கண்ணுக்கே தெரியாது. மேல்காற்று கேரளப் பக்கத்தில் மலை ஏறி மழையைக் கொட்டிவிட்டு, நம் பக்கம் சரிந்து இறங்குகிறது. நதி அணைச்சுவரைத் தாண்டி விழுவதுபோல. விழுந்த நீர் அடியில் சுருண்டு புரளும் அல்லவா, அப்படியே காற்றும் மலையடிவாரத்தில் புரளும். நம் பக்கத்திலிருந்து மலையை நெருங்கும் விமானம் அந்த விழும் காற்றுக்குள்தான் நுழைகிறது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன், ஓர் ஆடி மாதக் காலை. மழை இல்லை, வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. கடையத்துக்கு மேற்கே ராமநதி அணையை மேலிருந்து பார்க்கும் ஆசையில் மலைப்பக்கம் ஒதுங்கினேன். முழு விசை, மூக்கு மேலே, ஏறுவதற்கான வேகம், எல்லாம் சரியாக இருந்தது. ஏற்ற இறக்கம் காட்டும் முள் மட்டும் நிமிடத்துக்கு 600 அடி கீழே என்றது. முள் கெட்டுவிட்டது என்று நினைத்துக் கண்ணாடியைத் தட்டிக்கூடப் பார்த்தேன். உயரமானி அதே கதையைச் சொன்னது. இந்த மாதிரிச் சிறு விமானம் முழுப் பலத்தோடு ஏறினாலே நிமிடத்துக்கு 700 அடிதான் ஏறும். அதைவிட வேகமாகக் காற்று இறங்கினால் விமானம் அதோடு போக வேண்டியதுதான். கிழக்கே திருப்பினேன். அணையின் மதகு எண்ணக்கூடிய அளவுக்கு நெருங்கிய பிறகுதான் முள் நிமிர்ந்தது. அந்த விமானத்தில் கூட யாரும் இல்லை. இருந்திருந்தால் திரும்பியிருப்பேனா, அவர் முன்னால் வீம்புக்கு இன்னும் கொஞ்சம் போயிருப்பேனா என்று இன்றும் எனக்குச் சந்தேகம்.

சித்தப்பாவுக்கு ஒரு பதில் சொல்லிவிடுகிறேன், அவர் வயதுக்கு மரியாதை வைத்தே. புளியரை இறக்கத்தில் பனி மூடினால் அவர் என்ன செய்திருப்பார்? ஓரமாக ஒதுக்கி, கல் வைத்து, கடையில் ஒரு டீ குடித்திருப்பார். தெளிந்ததும் எடுத்திருப்பார். அந்த டீக்கடை ஆகாயத்தில் இல்லை. ஆலங்குளத்துக்கு மேலிருந்து இறங்க என்னென்ன இடம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். மதுரை விமான நிலையம் வாகைக்குளத்திலிருந்தே சுமார் 120 கிலோமீட்டர் வடக்கே. திருவனந்தபுரமும் ஏறக்குறைய அதே தூரம்தான், ஆனால் மலைக்கு அப்பால், மழைக்கு நடுவே. கயத்தாற்றில் இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஓடுதளம் ஒன்று உண்டு. கைவிடப்பட்டு வெகு காலம் ஆகிறது, அதை நம்பி யாரும் பறக்க முடியாது. ஆபத்துக்கு வயலில் இறங்கலாம் என்றால் கார் பருவ நெல் சாகுபடிக்குத் தண்ணீர் கட்டிய வயலும் வாழைத்தோட்டமும்தான். ஆக, திறந்திருந்த ஒரே வாசல் வாகைக்குளம். அதன் ஓடுபாதை கிழக்கு மேற்காகக் கிடப்பது பெரிய அதிர்ஷ்டம். மேல்காற்றை நேர் முகத்தில் வாங்கிக்கொண்டு இறங்கலாம்.

வாகைக்குளத்தில் வானிலை அறிக்கை நன்றாக இருந்ததாமே என்றும் கேட்டிருந்தீர்கள். அந்த அறிக்கை வாகைக்குளத்துக்குரியது. சுற்றுவட்டாரம் என்று அதில் குறித்தாலே 16 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். கடற்கரையோர மழைமறைவுப் பகுதியில் வெயில் காய்வதற்கும் குற்றாலத்தில் சாரல் அடிப்பதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இதற்கு அறிக்கையைவிட உதவுவது இன்சாட் செயற்கைக்கோள் படம். அதைவிட உதவுவது தென்காசியில் இருக்கும் யாருக்காவது போன் செய்து, மலை தெரிகிறதா என்று கேட்பது. நான் பெரிய கோவில் வாசலில் பூக்கடை வைத்திருந்த ஒரு நண்பரைத்தான் கேட்பேன். வானிலை ஆய்வாளர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

இப்போது அத்தானின் தவறுக்கு வருகிறேன். ஆனி மாதம் பிற்பகல் மூன்று மணி மலைப்பக்கம் போகும் நேரமா? பருவமழைக் காலத்தில் மேகம் நாள் முழுக்க மலையில் உட்கார்ந்திருக்கும். மதியத்துக்குப் பிறகு சமவெளி சூடேறி விமானத்தைத் தூக்கிப்போடுவதும் சேர்ந்துகொள்ளும். காலை ஏழு மணிக்குப் புறப்பட்டிருந்தால் வழி தெரிந்திருக்கவும் வாய்ப்பு உண்டு, தெரியாவிட்டால் காத்திருக்க ஒரு பகலே மிச்சம் இருந்திருக்கும். நம் நாட்டில் கண்ணால் பார்த்துப் பறப்பவர்கள் சூரியன் மறைவதற்குள் இறங்கிவிட வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள். மூன்று மணிக்குக் கிளம்புகிறவருக்குக் கையில் நேரம் குறைவு. நேரம் குறைந்தவர் அவசரப்படுவார்.

இதையும்விட என்னை உறுத்தியது நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி. குற்றாலத்துக்குப் பக்கத்து இலஞ்சியில் பெரியம்மா மொட்டை மாடியில் சிவப்புச் சேலையை அசைத்துக்கொண்டு காத்திருந்தார் என்று. அன்று அந்த விமானத்துக்கு எதிராக இருந்தவற்றில் மிக ஆபத்தானது அந்தச் சேலை. மேகம், காற்று எல்லாம் அப்புறம். பெரியம்மா காத்திருக்கிறாள், தெருவே மாடியில் நிற்கிறது, இன்னும் பத்து நிமிடம்தான் என்ற எண்ணம் வந்துவிட்டால், வெளுத்துப்போன மலை கூடக் கொஞ்சம் தெரிவது போல இருக்கும். அதை மீறித் திருப்பினார் பாருங்கள், அதற்குத்தான் நான் அவருக்குக் கை கொடுப்பேன். ஆனால் குற்றாலம் காட்டப் போகிறேன் என்று ஊரைக் கூட்டிச் சொன்னதும் அவரேதான்.

பேசாமல் திருப்பியதும் எனக்குப் பிடிக்கவில்லை. மலை மூடிவிட்டது, திரும்புகிறோம் என்று மூன்று சொல் சொல்லியிருந்தால் நீங்கள் எஞ்சினைச் சந்தேகித்திருக்க மாட்டீர்கள். அந்த நேரத்தில் கை, கண், வானொலி எல்லாவற்றுக்கும் வேலை இருந்திருக்கும், ஒத்துக்கொள்கிறேன். திரும்பி நேரான பிறகாவது சொல்லியிருக்கலாம். பெட்ரோலுக்குப் பாதிப் பணம் கொடுக்க வந்தபோது மறுத்தார் என்றீர்கள். அது முறைதான், தனியார் உரிமம் வைத்திருப்பவர் கூலி வாங்கிக்கொண்டு ஆளேற்றிப் பறக்கக் கூடாது. அதில் மனத்தாங்கல் வேண்டாம்.

மறுபடி போக வேண்டும் என்று அக்கா ஆசைப்படுகிறாராம். மாசி மாதம் கேளுங்கள். வடகிழக்குப் பருவமழை முடிந்து, வானம் கழுவிவிட்டது போல இருக்கும், காற்றும் அடங்கியிருக்கும். தாமிரபரணிக் கரையில் விடியற்காலைப் பனிமூட்டம் இருந்தால் விலகக் காத்திருந்து, எட்டு மணிக்குள் ஏறி, பத்துக்குள் இறங்கிவிட வேண்டும். அருவியில் தண்ணீர் நூலாகத்தான் விழும், அதற்குத் தயாராக இருங்கள். அதற்குப் பதிலாகச் சீவலப்பேரி முதல் பாபநாசம் வரை ஆறு முழுவதும் ஒரே பார்வையில் கிடக்கும். நெல்லையப்பர் கோயிலையும் நான்கு ரத வீதிகளையும் சதுரம் போட்டு வைத்தது போலப் பார்க்கலாம். வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம், இரண்டு இட்லி போதும். முன் இருக்கையை அக்காவுக்குக் கொடுத்துவிடுங்கள். இலஞ்சிக்கு மட்டும் இறங்கிய பிறகு போன் செய்யுங்கள்.